மொட்டைமாடியில் ரிப்பீட்டர்

கேள்வி: ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ரிப்பீட்டர் அமைக்க ஆசை. எதில் கவனம் வேண்டும்?
- வாசகர், வடபழனி

பதில்: கட்டிவிடலாம், வருஷக்கணக்கில் ஓட்டுவதுதான் பாடு. கையிலுள்ள உரிமத்தை மட்டும் நம்பிப் பெட்டியை மேலேற்றிவிடாதீர்கள். டெல்லியில் அலைவரிசை அனுமதி தரும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் முறைப்படி அனுமதி கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்திடமும்தான், அது டெல்லியைவிடக் கடினமாக இருக்கலாம்!

கேட்டதை உடனே உரக்கத் திருப்பிச் சொல்வதுதான் ரிப்பீட்டரின் வேலை. இரண்டு மீட்டர் பட்டையில் அது கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்தான். ஒரே ஆன்டெனாவில் உரக்கப் பேசிக்கொண்டே, தாம்பரத்திலிருந்து 5 வாட் வாக்கிடாக்கியின் முனகலையும் கேட்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் கொடுப்பது டூப்ளெக்ஸர் என்ற உலோக உருளைகளின் வரிசை. பணத்தை அதில் போடுங்கள். தகரக் கொட்டகையில் வைத்தால் மே மாத வெயிலில் ட்யூனிங் நகர்ந்துவிடும். காற்றோட்டமான நிழல் தேடுங்கள்.

அடுத்த வில்லன் தண்ணீர். ஆன்டெனாவின் கனெக்டரில் சுற்றிய டேப் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே பிரித்துப் பார்த்துவிடுங்கள். எர்த்திங்கையும் அப்போதே சோதியுங்கள்.

பேட்டரி இல்லாத ரிப்பீட்டர் வெள்ளக் காலத்தில் வெறும் இரும்பு. இஸ்ரோ 2005 மே 5 அன்று ஏவிய ஹாம்சாட் செயற்கைக்கோளும் வானில் சுற்றிய ரிப்பீட்டர் மாதிரிதான். ஒன்பது வருடம் உழைத்து, 2014இல் பேட்டரி போய்த்தான் ஓய்ந்தது. உங்களுடையதைப் படியேறிப் போய் மாற்றிவிடலாம். அந்தச் செலவை இப்போதே ஹாம் நண்பர்களோடு பங்கு பேசி வையுங்கள்.