கொல்லச் சொல்லும் தேவதைக் கதை

கேள்வி: தேவதைக் கதையை இருண்ட கோணத்தில் சொல்லும் 'விஷுவல் நாவல்' விளையாட்டுகளில் குறிப்பிடத்தக்கது எது?

பதில்: ஓவியமும் உரையாடலுமாக விரியும் கதையை, படிப்பவரே தம் தேர்வுகளால் நடத்திச் செல்லும் விளையாட்டே விஷுவல் நாவல் எனப்படும். பெருநிறுவனங்களைச் சாராத 'இண்டி' குழுக்களுக்கு உகந்த இவ்வடிவில், கனடாவின் பிளாக் டேபி கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'ஸ்லே தி பிரின்சஸ்' தனித்து நிற்கிறது. காட்டுக் குடிலின் நிலவறையில் அடைபட்டிருக்கும் இளவரசியைக் கொல்லாவிடில் உலகம் அழியும் என்று கதைசொல்லியின் குரல் வற்புறுத்துவதால், மீட்க வரும் வீரன் என்னும் பழைய மரபு தொடக்கத்திலேயே தலைகீழாகிறது. ஒரு சுற்று முடிந்து கதை மீண்டும் காட்டுப் பாதையிலேயே தொடங்கும்போது, முன்னர் அஞ்சியவர்க்குக் கொடுங்கனவாகவும், காக்க முனைந்தவர்க்கு அடங்கிய பேதையாகவும் அவள் உருமாறி நிற்கிறாள். ஓவியர் அபி ஹோவர்டின் பென்சில் கோடுகளில் அம்மாற்றம், வண்ணப்பகட்டு ஏதுமின்றியே, உண்மையான அச்சத்தை எழுப்புகிறது.