கம்ப்யூட்டர் திடீர் திடீரென அணைந்து போகிறதா? காரணத்தை நாமே கண்டுபிடிப்போம்!



நமது கூட்டமைப்பு அலுவலகங்களில் சேமிப்பு, கடன், வட்டி என்று எல்லாக் கணக்கும் இன்று கம்ப்யூட்டரில் ஏறுகிறது. சில குழுக்கள் கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங், ஜெராக்ஸ் தொழிலும் செய்கின்றன. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பெட்டி பொட்டுன்னு அணைந்து போனால் என்ன செய்வது?

"பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க அக்கா" என்பார் ஒருவர். "மதர்போர்டு போச்சு" என்பார் இன்னொருவர். இப்படி ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா? அது நமது உறுப்பினர்களின் பணம் அல்லவா? பல நேரங்களில் கோளாறு பெட்டிக்குள்ளேயே இருக்காது. சுவரில் இருக்கும் பிளக்கில் இருக்கும்! அதனால் சுவரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். இதுதான் இந்தப் பாடம்.

கணக்கைக் காப்பாற்றுவது முதல் வேலை

ஒரு உறுப்பினர் தவணை கட்டுகிறார். பாஸ் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது கரண்ட் போய் பதிவு பாதியில் நின்றுவிட்டது. அடுத்த மாதம் அவர் பெயரில் பாக்கி காட்டினால் என்ன ஆகும்? கட்டியவருக்கு மனவருத்தம், குழுவுக்குள் சண்டை. ஆகவே கோளாறு சரியாகும் வரை இந்த மூன்றையும் தவறாமல் செய்வோம்:

1. ரசீதும் ரொக்கப் புத்தகமும் எழுதிய பிறகே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.
2. ஒவ்வொரு பதிவு முடிந்ததும் சேமிக்க (சேவ் செய்ய) வேண்டும். மாலையில் ஒரு நகலை பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும்.
3. பெட்டி அணைந்து மீண்டும் வந்ததும், கடைசியாக ஏற்றிய ஐந்தாறு பதிவுகளை ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள்

தீர்மான நோட்டு எழுதும் நமக்கு இது புதிது அல்ல. பெட்டி அணையும் ஒவ்வொரு முறையும் நாள், மணி, அப்போது அறையில் ஃபேனும் லைட்டும் எரிந்ததா, என்ன வேலை நடந்தது, கம்ப்யூட்டரைப் போட்டு எவ்வளவு நேரம் ஆனது, இந்த ஐந்தையும் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினாலே பாதி விடை கிடைத்துவிடும்.

* திரை மட்டும் இருண்டு, சிபியு பெட்டியின் விளக்கும் விசிறியும் ஓடினால் கோளாறு மானிட்டரில் அல்லது அதன் கேபிளில் இருக்கலாம்.
* நீல நிறத்தில் எழுத்து வந்து தானாக மறுபடி தொடங்கினால், அது பெரும்பாலும் ரேம், டிரைவர் போன்றவற்றின் கோளாறு. கரண்ட் கோளாறு என்று அவசரப்பட வேண்டாம்.
* ஊரில் கரண்ட் போகும்போது மட்டும் அணைந்தால் யு.பி.எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள்.
* போட்டு அரைமணி, ஒரு மணி கழித்தே, அதுவும் வெயில் நேரத்தில் அணைந்தால் சூடுதான் காரணமாக இருக்கும்.
* நேரம் காலம் இல்லாமல், லைட் எரியும்போதே அணைந்தால் பிளக், வயர், எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

சுவரிலிருந்து தொடங்குவோம்

பிளக் பாயின்ட்: பிளக் ஆடுகிறதா? தொட்டால் சுடுகிறதா? பாயின்ட் கருகி இருக்கிறதா? கருகியிருந்தால் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சிபியு பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுர்ருன்னு இழுக்கிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் வேலை செய்யக் கூடாது.

ஒரே போர்டில் பல சாமான்: நம் வீட்டு, அலுவலக மின்சாரம் 230 வோல்ட். அதே லைனில் கிரைண்டரோ மோட்டாரோ ஓடினால் வோல்டேஜ் இறங்கும். அந்த நேரத்தில்தான் அணைகிறதா என்று நோட்டைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குத் தனி பாயின்ட் இருப்பது நல்லது.

பின்புற வயர்: சிபியுவின் பின்னால் சொருகும் வயர் லூசாக இருந்தால், மேசை லேசாக ஆடினாலே பெட்டி அணையும். நன்றாக அழுத்திச் சொருகுங்கள். மானிட்டருக்கும் சிபியுவுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி வயர்தான் வரும். சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள். இப்போது மானிட்டர் அணைய ஆரம்பித்தால் வயர்தான் குற்றவாளி. புது வயர் ஒன்று வாங்கினால் போதும்.

யு.பி.எஸ்: இதன் உள்ளே 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பொதுவாக இரண்டு மூன்று ஆண்டில் பலம் குறைந்துவிடும். அப்புறம் கரண்ட் போனால் தாங்காது. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டவே கூடாது. அது சூடேறும்போது அதிக மின்சாரம் இழுக்கும். லோடு தாங்காமல் யு.பி.எஸ். அணைந்துவிடும். சோதித்துப் பார்க்க, கணக்கு ஏற்றாத நேரமாகப் பார்த்து, யு.பி.எஸ். இல்லாமல் நேராகச் சுவர் பாயின்டில் கம்ப்யூட்டரை மாட்டி ஓடவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் அணையாமல் ஓடினால் கோளாறு யு.பி.எஸ்ஸில்தான்.

பெட்டிக்குள் என்ன?

சூடு: கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், கருகாமல் இருக்கத் தானாகவே பெட்டியை அணைத்துவிடும். அதன் மேல் இருக்கும் விசிறியில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், மேலே துணி மூடியபடி ஓட்டுவதும் கூடாது. தூசி தட்ட, பிளக்கைக் கழற்றி, பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய், பக்கத்து மூடியைத் திறந்து மென்மையான பிரஷ்ஷால் தட்டலாம். ஊதும் பிளோயர் பயன்படுத்தினால் விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

பவர் பட்டன்: பட்டனை நாலைந்து வினாடி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணையும் என்பது நமக்குத் தெரியும். பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டாலும் அதே கதைதான். போட்ட சில வினாடிகளில் அணைந்தால் இதைப் பாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்: 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் டப்பா இது. பழசாகிப் பலம் குறைந்தால், லைட் எரியும்போதே பெட்டி அணையும். கருகிய வாடையும் வரலாம். சகோதரிகளே, இந்த டப்பாவை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள்! பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். இது மெக்கானிக் வேலை.

மதர்போர்டு: அதில் சின்னச் சின்ன டப்பி போல கெப்பாசிட்டர்கள் நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கையால் தொட வேண்டாம்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயரையும் யு.பி.எஸ்ஸையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

மெக்கானிக் வரும்போது

நோட்டை அவர் கையில் கொடுங்கள். "எப்பவாவது அணையுது தம்பி" என்று சொல்வதை விட, "வாரத்தில் நாலு தடவை, எல்லாம் மத்தியானம், ஃபேன் ஓடும்போதே" என்று சொன்னால் அவருக்கும் வேலை சுலபம். வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி ஓடவிட்டுப் பார்த்த பிறகே புதிது வாங்கச் சம்மதியுங்கள். மாற்றிய பழைய பொருளையும், பில்லையும், வாரண்டி அட்டையையும் கேட்டு வாங்குங்கள். கடைக்கு எடுத்துப் போவதாக இருந்தால் அதற்கு முன் கணக்கின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செலவைத் தீர்மான நோட்டில் எழுதி உறுப்பினர்களுக்குத் தெரிவியுங்கள்.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தான் இது முடியும் என்று நினைக்க வேண்டாம். கண்ணால் பார்த்து, மறக்காமல் எழுதி, கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். குழு நடத்தும் நமக்கு இந்த மூன்றும் கைவந்த வேலைதானே!

கூட்டத்தில் கலந்து பேச:

1. நமது அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மாட்டியிருக்கும் பாயின்டில் வேறு என்னென்ன மாட்டியிருக்கிறோம்?
2. யு.பி.எஸ். பேட்டரி எந்த ஆண்டு போட்டது? பில் யாரிடம் இருக்கிறது?
3. கணக்கின் நகல் கடைசியாக எப்போது எடுத்தோம்? இனி அதற்கு யார் பொறுப்பு?