முதலில் இறக்கம், பிறகு ஏற்றம்

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மாமனாரை, சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ராயல் தேசியப் பூங்காவுக்கு ஒரு ஜனவரி ஞாயிறன்று கூட்டிப்போனேன். அவர் வெள்ளியங்கிரி ஏழு மலையும் பலமுறை ஏறியவர். ரயிலில் போய் ஹீத்கோட் ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்திலேயே காட்டுப்பாதை ஆரம்பிக்கிறது. சுமார் 2.5 கிலோமீட்டரில் கார்லூ என்ற மடு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். என் மனைவி, எட்டு வயது மகளோடு சேர்த்து நான்கு பேர். கையில் இரண்டு பாட்டில் தண்ணீர். கிளம்பும்போதே மணி பதினொன்று.

கணக்குத் தப்பியது தூரத்தில் இல்லை, நிலத்தின் அமைப்பில். நம் ஊர் மலைகளில் முதலில் ஏறுகிறோம். உடம்பில் தெம்பு இருக்கும்போதே கஷ்டம் முடிந்துவிடும், திரும்பும்போது கால் தானாக இறங்கும். முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம். சிட்னியைச் சுற்றியுள்ள, இங்கே 'புஷ்' என்று சொல்லும் காடு அப்படியே தலைகீழ். இது மணற்பாறையாலான ஒரு மேட்டுநிலம். ஓடைகள் அதை ஆழமாக அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கியிருக்கின்றன. ரோடும் ரயிலும் மேட்டின் முதுகில் ஓடுகின்றன, தண்ணீர் கிடப்பதெல்லாம் அடியில். ஆகவே எந்த நடையும் சுகமான இறக்கத்தில்தான் தொடங்கும். களைத்த பிறகு, வெயில் உச்சிக்கு வந்த பிறகு, ஏற்றம் வரும். அதைத் தவிர்க்க வேறு வழியும் கிடையாது.

மடுவில் நேரம் போனதே தெரியவில்லை. தண்ணீர் வடிகட்டிய டிக்காஷன் நிறத்தில் இருக்கும். அழுக்கு இல்லை, இலைகளும் பட்டைகளும் ஊறி இறங்கிய சாயம். மகள் குளித்து முடிக்க ஒன்றரை மணியாகிவிட்டது. பாட்டில்களில் ஒரு கையளவுதான் மீதி.

ஏற்றத்தில் பாதி தூரம் வந்ததும் மாமனார் ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது, கை லேசாக நடுங்கியது. "மாப்ளே, வெள்ளியங்கிரி ஏறி எறங்குன காலுங்க இது," என்றார். கால் மேல் பழி இல்லை. பாறை அனலாகக் கொதித்தது, காற்று அசையவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள் தங்கள் தண்ணீரில் ஒரு லிட்டரைக் கொடுத்தார்கள். சட்டையை நனைத்து அவர் பிடரியில் போடச் சொன்னார்கள். நிழலில் படுக்கவைத்து, வெயில் தாழும்வரை எழக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, எங்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்தும் இருந்தார்கள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்.

இப்போது என் கணக்கு வேறு. இறங்க ஆன நேரத்தை இரட்டித்துத்தான் திரும்பும் நேரம். வெயில் காலத்தில் தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டருக்குக் குறைந்து எடுப்பதில்லை. மடுவை அடையும் முன்பே பாதி காலியாகிவிட்டால் அங்கேயே திரும்பிவிடுவோம். காலை ஏழு மணி ரயில், பதினொன்றுக்குள் மேலே. வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிவைத்துக்கொள்வேன். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். கிளம்பும் முன் பூங்காத் துறையின் தளத்தில் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுவது கட்டாயம், தீ அபாயம் மிகுந்த நாட்களில் பூங்காவையே மூடிவிடுவார்கள். கார் கொண்டுபோனால் கட்டணம் உண்டு. ரயிலில் வந்து நடப்பவர்களுக்கு இல்லை.

நம்மவர்கள் முதலில் கேட்பது பாம்பைப் பற்றித்தான். இத்தனை வருடங்களில் நான் பார்த்தது மூன்று, மூன்றும் விலகிப் போயின. இருந்தாலும் பையில் இரண்டு அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் எப்போதும் இருக்கும். கடித்தால் கழுவக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ முழுவதும் பேண்டேஜால் அழுத்திச் சுற்றி, கடிபட்டவரை அசையாமல் வைத்து, 000 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். நடக்கவே விடக்கூடாது. உண்மையில் எனக்குத் தொல்லை கொடுத்தது உண்ணிதான். வீட்டுக்கு வந்ததும் காது மடல், கழுத்து, அக்குள் எல்லாம் தடவிப் பார்க்கிறோம். இருந்தால் நகத்தால் நசுக்கிப் பிடுங்கக் கூடாது. அதை உறையவைத்துக் கொல்லும் ஸ்ப்ரே மருந்துக்கடையில் கிடைக்கும்.

இவ்வளவு ஜாக்கிரதையும் அந்தக் காட்டுக்குத் தகும். தாராவல் என்ற பூர்வகுடி மக்களின் மண் அது. 1879-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், உலகில் இன்றும் தேசியப் பூங்காவாக நீடிப்பவற்றில் அதற்கு முந்தியதாகப் பொதுவாகச் சொல்லப்படுவது எல்லோஸ்டோன்தான். 1994 ஜனவரித் தீயில் பூங்காவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிந்தது. பாதையோரத்து பாங்சியா மரங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். முதலைத் தோல்போல் தடித்த பட்டையின் இடுக்கில் விரலை விட்டால் கரி ஒட்டும். அதன் காய்கள் கட்டைபோல இறுகியிருக்கும். நெருப்பு பட்டதும்தான் பெரும்பாலும் வாய் திறந்து விதையை விடும்.

மறுபடி மாமனார் வந்தது ஒரு ஜூலையில், இங்கே குளிர்காலம். அதே பாதைதான் வேண்டும் என்றார். செங்குத்தான இறக்கம் தொடங்கும் இடம் வந்ததும், "இன்னைக்கு இதுவரைக்கும் போதுங்க" என்று அவரே நின்றுவிட்டார். எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். கீழே புதரிலிருந்து கூவல், சிரிப்பு, சாட்டை சொடுக்குவதுபோல ஒரு சத்தம் என்று மாறி மாறி வந்தது. "ஏழெட்டுப் பறவை இருக்கும் போல," என்றார். சருகைக் காலால் வாரிக் கிளறிக்கொண்டு, சேவல் உயரத்தில் பழுப்பாக ஒன்றே ஒன்று நின்றது. லயர்பேர்ட். கேட்ட குரல் அத்தனையும் அதன் தொண்டையிலிருந்து வந்தது. சோற்றுக் கையோடு அவர் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.