நந்தி மலையடியில் ஒரு திராட்சைத் தோட்டமும் மது ஆலையும்
(பார்வையிடச் செல்லும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை)

திருமுல்லைவாயில் கொடியினால் பெயர்பெற்ற தலம். தொண்டைமான் சக்கரவர்த்தியின் யானையை முல்லைக்கொடிகள் காலைச் சுற்றித் தடுத்தன என்றும், அவற்றை வாளால் வெட்டியபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்றும் தலவரலாறு கூறும். அவ்வூர் வழியே செல்லும் இருப்புப்பாதையே அரக்கோணம், காட்பாடி, ஜோலார்ப்பேட்டை மார்க்கமாகப் பெங்களூரை அடைகின்றது. பெங்களூருக்கு வடக்கே சுமார் 25 மைல் தொலைவில், தொட்டபள்ளாப்பூரை அடுத்து, நந்தி மலையின் அடிவாரத்தில் வேறொரு கொடி பெரும் பயிராக வளர்க்கப்படுகின்றது. அது மதுவுக்குரிய திராட்சை. அங்கு குரோவர் குடும்பத்தார் நிறுவிய தோட்டத்தையும் ஆலையையும் முன்னேற்பாட்டின்பேரில் எவரும் சென்று பார்வையிடலாம்.

இத்தோட்டத்தை நிறுவியவர் கன்வல் குரோவர் என்பவர். வியாபார நிமித்தமாகப் பிரான்ஸ் தேசத்துக்கு அடிக்கடி சென்றுவந்த அவர், அத்தேசத்துத் திராட்சையை இந்தியாவிலும் விளைவிக்கலாகாதா என்று எண்ணினார். ஷாம்பேன் பிரதேசத்து நிபுணரான ஜார்ஜ் வெஸ்ஸல் என்பவரின் துணைகொண்டு 35 ரகங்களைப் பரீக்ஷித்துப் பார்த்த பின்னரே, 1988-ஆம் ஆண்டில் தோட்டம் நிலைபெற்றது. பின்னர் போர்டோவைச் சேர்ந்த மிஷேல் ரோலான் ஆலோசகராக அமைந்தார். 2012-இல் நாசிக் பக்கத்து நிறுவனமொன்றுடன் இணைந்து இது குரோவர் ஜம்பா என வழங்கலாயிற்று. இத்தாலியில் 1385 முதல் இத்தொழிலோடு தொடர்புடைய ஆன்டினோரி குடும்பத்தோடு ஒப்பிடின் இது நேற்று முளைத்த கன்றேயாகும். ஆயினும் நம் நாட்டில் இத்துறையின் மூத்த குடும்பங்களுள் ஒன்று. நாற்று மலிவாய்க் கிடைத்தது என்பதற்காகவே ஒரு ரகத்தை நட்டு நஷ்டப்படுவோர், நடவுக்கு முன் நிகழ்ந்த அந்த நெடும் பரீக்ஷையை நினைவிற் கொள்வது தகும்.

பார்வையாளரிற் பெரும்பாலோர் தோட்டத்தை விரைவாய்க் கடந்து, சுவைபார்க்கும் கூடத்தை நாடுவர். விவசாயியோ தோட்டத்திலேயே அதிக நேரம் நிற்றல் வேண்டும். செம்மண் நிலம், ஏறக்குறைய 3,000 அடி உயரம், பகல் வெயிலுக்குப் பின் குளிரும் இரவு ஆகியவை அவ்விடத்தின் முதல். பிரான்ஸில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும். நம் நாட்டில் அவ்வுறக்கம் இல்லை. ஆகவே கத்தியே பருவத்தை உண்டாக்குகின்றது. அறுவடைக்குப் பின் ஏப்ரலையொட்டி ஒரு கவாத்து. அது கொம்புகள் முற்றுவதற்கு. செப்டம்பர், அக்டோபரில் மறு கவாத்து, அது பழத்திற்கு. எத்தனை கணு விட்டு வெட்டுகின்றனர் என்பதைத் தொழிலாளியின் அருகில் நின்று பார்த்தறிய வேண்டும். ஏட்டில் படித்து அது வாராது.

திருமுல்லைவாயில் வட்டாரத்தில் இதனை நடலாமோ எனின், நிழலுக்கும் ஆசைக்கும் ஒரு பந்தல் போடலாம், வியாபாரத்திற்கு ஆகாது. கடல்மட்டத்தை ஒட்டிய ஈரக்காற்று ஒரு தடை. பழக் கவாத்து செய்யும் அதே காலத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, இளந்தளிரிலும் பூங்கொத்திலும் அடிச்சாம்பல் நோயைக் கொணர்வது பெருந்தடை.

அந்நோய்க்கு மருந்து கண்டதும் ஒரு திராட்சைத் தோட்டத்திலேதான். 1882-இல் பிரான்ஸின் மெடாக் பகுதியில் பாதையோரக் கொடிகள் மட்டும் இலை உதிராமல் நிற்பதை மில்லார்டே என்னும் பேராசிரியர் கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்தனராம். திருடருக்கு அஞ்சித் தெளித்ததே உலகறிந்த போர்டோக் கலவையாயிற்று. 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோ என்பது ஒரு சதவீதக் கலவையின் அளவு. தீட்டிய கத்தியை அதில் நனைத்துப் பார்க்கையில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும்.

ஆலையினுள் நடப்பது எளிதில் விளங்கும். பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு, மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத மதுசாரமாகும். சிவப்பு வகைக்குத் தோலோடு நொதிக்கவிடுவர். வெள்ளை வகைக்குச் சாற்றை முதலிலேயே பிரித்துக் குளிர்ந்த தொட்டியில் வைப்பர். சிறந்தவற்றை ஓக் மரப் பீப்பாய்களில் முதிரவிடுவர். சுவைபார்க்கையில் நிறத்தைக் கண்டு, முகர்ந்து, ஒரு வாய் சுவைத்து, வைத்திருக்கும் பாத்திரத்தில் உமிழ்ந்துவிடலே நிபுணர் முறை. மது அருந்தாத விரதமுடையோரும் பழத்தைச் சுவைத்துப் பாடம் பெறலாம்.

உண்மையான பாடம் எடைமேடையருகில் உள்ளது. மதுவுக்குரிய பழம் சிறியது, தோல் தடித்தது, விதை நிறைந்தது. சந்தையில் தின்பதற்கு எவரும் வாங்கார். ஆலை மறுத்தால் பழத்துக்கு வேறு புகலிடமில்லை. 2001-இல் மஹாராஷ்டிர ஸர்க்கார் இத்தொழிலை ஊக்குவிக்கும் கொள்கையை வெளியிட்டபின், நாசிக் பக்கத்தில் பலர் ஆர்வத்தோடு நட்டனர். 2008-09-இல் விற்பனை விழுந்தபோது ஆலைகள் பல பழம் வாங்க இயலாது தவித்தன. குடியானவர் பலர் வளர்த்த கொடிகளைத் தாமே வெட்டினர். மாறாக, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை தின்பதற்கும் ஆகும், ரஸத்திற்கும் ஆகும். இரண்டாண்டில் ஐந்து அறுவடையும் தரும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆகையால் பார்வையிடச் செல்வோர், விலையைச் சர்க்கரை அளவு கொண்டு நிர்ணயிக்கின்றனரா, அளப்பவர் யார், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா என்று கேட்டறிவது அவசியம். கிராம அதிகாரிகள் தம்மூர்க் குடிகளை அழைத்துச் செல்வதானால், இக்கேள்விகளை முன்னரே எழுதி எடுத்துச் செல்லலாம்.

பிப்ரவரி, மார்ச்சு மாதங்களே செல்லத் தக்கவை. அப்போது அறுவடையும் பிழிதலும் ஒருங்கே காணலாம். வண்டி ஓட்டுபவர் சுவைபார்த்தல் கூடாது. அயல் மாநிலத்து மதுப்புட்டிகளைத் தமிழ்நாட்டுக்குள் கொணர்வதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டாதலால் விசாரித்தே வாங்க வேண்டும். கொடித்துண்டுகளைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிவருதலும் வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கொடிகளோடு சென்ற ஃபிலாக்ஸிரா என்னும் சிறு பூச்சி பிரான்ஸின் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது. அமெரிக்க வேர்ச்செடியின்மேல் ஒட்டுக் கட்டியே அவர்கள் மீண்டனர். நடவுக்கு வேண்டிய ஒட்டுக்கன்றுகளைப் பதிவுபெற்ற நாற்றுப்பண்ணைகளில் மட்டுமே பெறுக.