யானாதிப் பிள்ளைகளின் படங்கள்: சூலூர்பேட்டை வாசகருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நண்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் அந்தப் பெண் குழந்தையின் பார்வை அபாரம். படத்துக்குக் கீழே அவளுடைய பழங்குடிப் பெயரை மட்டும் வைத்து ‘யானாதிச் சிறுமி’ என்று போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நூறு வருடங்களுக்கு மேலாக அப்படித்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் கடைசித் தொகுதியைப் புரட்டிப் பாருங்கள். குச்சி கடைந்து நெருப்பு உண்டாக்குவது, எலி வளையைத் தோண்டி நெல் எடுப்பது என்று யானாதிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மூக்கையும் தலையையும் அளந்து மக்களை வகைப்படுத்திய மனிதர் அவர். படத்தில் இருப்பவர்களுக்கோ சாதிப் பெயர் அல்லது பழங்குடிப் பெயர் மட்டும்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை. 1904இல் எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற புகைப்படக்காரர் நவஹோ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு சிறுவனைப் படம் எடுத்து, ‘பாலைவனத்தின் மகன்’ என்று தலைப்பிட்டார். அந்த மண்ணிலிருந்தே முளைத்து வந்தவன் போல இருந்தான் என்று எழுதினார். அழகான படம்தான். ஆனால் நாற்பது வருடம் முன்பு, 1864இல், அதே மண்ணிலிருந்து நவஹோ மக்களை ராணுவம் நடத்தியே விரட்டியது; 1868 உடன்படிக்கைக்குப் பிறகுதான் திரும்பி வந்தார்கள். பையனை மண்ணின் பிள்ளை என்று சொல்லும் தலைப்பில் அந்த மண் பறிபோன கதை இல்லை. பையனின் பெயரும் இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. இப்போது ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அந்தத் தீவுக் காட்டில் யானாதிகள் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்து வாழ்ந்தார்கள். 1969இல் ஏவுதளத்துக்கு அந்த இடம் தேர்வானது. 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட்டாக ஒரு ரோகிணி ராக்கெட் கிளம்பியது. பல யானாதிக் குடும்பங்கள் தீவுக்கு வெளியே மாற்றப்பட்டன. தீவில் பத்து வயதில் ஓடித் திரிந்தவர்களுக்கு இன்று அறுபதுக்கு மேல். அவர்கள் விளையாடிய இடம் வேலிக்கு உள்ளே இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். படங்களைக் கண்காட்சிக்கு அனுப்பும் முன் பிரதி போட்டு யானாதிக் குடியிருப்புக்கு எடுத்துப் போங்கள். தர்ஸ்டன் புத்தகப் படங்களையும் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் காட்டுங்கள். தீவில் தேன் எடுத்த மேடு எது, நண்டு பிடித்த ஓடை எது, அவற்றை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். தெலுங்கில் சொல்வதைத் தெலுங்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமியின் பெயரைப் படத்துக்குக் கீழே போடலாமா என்பதை அவளுடைய அம்மா சொல்லட்டும். வேண்டாம் என்றால் கண்காட்சியில் போட வேண்டாம். குடும்பத்துக்குக் கொடுக்கும் பிரதியின் பின்பக்கத்தில் மட்டும் அவள் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நாளாக நாளாக முன்பக்கம் ஊறிவிடக்கூடும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்