சத்தம் அடங்கிய பிறகு

தம்பிக்குக் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் மாத்திரையில் அடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை கூடிற்று. அதற்கு முன் எல்லோருக்கும் ஒரே பயம், அதனால் எல்லோரும் ஒரே பக்கம் நின்றோம். பிறகு அவனுக்குத் தூக்கம் திரும்பியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் காதை வைத்து ஒட்டுக்கேட்கிறார் என்ற பேச்சு நின்றது. அப்பா நிம்மதியாகி, விட்டுப்போன செமஸ்டருக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார். தம்பியோ கட்டிலை விட்டு எழவில்லை. குளிக்கச் சொன்னால் "சரி" என்பான், அரை மணி கழித்தும் அதே இடத்தில் இருப்பான். கூடப் படித்தவர்கள் பார்க்க வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். "நோய்தான் போயிருச்சுல்ல, இன்னும் என்னடா சோம்பேறித்தனம்?" என்று அப்பா கேட்க ஆரம்பித்தார். அம்மா அதற்கு ஈடுகட்டுவது போல, சோறு ஊட்டாத குறையாக அவனுக்கு எல்லாவற்றையும் தானே செய்தார்.

மனச்சிதைவு நோயைப் பற்றி ஓர் அக்காவாக நான் கற்றதில் பாதிக்கு மேல் அப்பாவின் அந்தக் கேள்விக்கான பதில்தான். நோய் போகவில்லை. அதன் சத்தமான பாதி அடங்கி, சத்தமில்லாத பாதி வெளியே தெரிந்தது.

இந்த நோயின் அறிகுறிகளை டாக்டர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். இல்லாத குரல் கேட்பது, யாரோ கண்காணிக்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள் என்று அசைக்க முடியாதபடி நம்புவது, கோர்வையில்லாமல் பேசுவது எல்லாம் முதல் வகை. ஊர் கண்ணில் படுவது இதுதான். (சினிமாவால் இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 'அந்நியன்' படத்தில் வருவது போல ஒரே உடம்புக்குள் பல ஆட்கள் இருப்பது வேறு நோய். மனச்சிதைவில் ஆள் ஒருவர்தான்.) இரண்டாவது வகையில், முன்பு இருந்தது இல்லாமல் போகிறது: முனைப்பு, பேச்சு, முகபாவம், பிடித்த காரியத்தில் கிடைக்கும் சந்தோஷம், நாலு பேரோடு இருக்கும் ஆசை. மூன்றாவது, கவனமும் நினைவும் திட்டமிடும் திறனும் குறைவது. 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசைனின் பலன் தெரியவந்ததிலிருந்து இந்த நோய்க்கு வந்த மருந்துகளில் பெரும்பாலானவை மூளையில் டோபமைனின் வேலையைக் கட்டுப்படுத்துபவை. முதல் வகை அறிகுறிகளைப் பலருக்கு நன்றாகவே அடக்குகின்றன. மற்ற இரண்டிலும் அவற்றுக்குப் பெரிய பலமில்லை. ஒவ்வொரு குடும்பத்தையும் முதல் சந்திப்பிலேயே உட்காரவைத்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை. பல வீடுகளில் பல வருடத்துச் சண்டை மிச்சமாகும்.

உலகில் ஏறக்குறைய 345 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ, பெண்களுக்குச் சற்றுப் பின்னால் ஆரம்பிக்கும். மரபணுவுக்குப் பங்குண்டு. ஆனால் ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வந்தே தீரும் என்றில்லை. குறைந்தது பாதிப் பேருக்கு வருவதில்லை. கஞ்சா ஆபத்தைக் கூட்டும். தாய் வளர்த்த விதத்தால் வருவதில்லை. அம்மாவிடம் இதை நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

தம்பிக்குக் கேட்டது இறந்துபோன எங்கள் பெரியம்மாவின் குரல். "பெரியம்மா கையக் கழுவச் சொல்றாங்க" என்று ராத்திரியில் எழுந்து போவான். சாப்பிட உட்கார்ந்தால் "எந்திரி" என்பாராம். வீட்டில் எல்லோரும் நடுங்கியது அவர் பெயர் அடிபட்டதால்தான். ஆவி என்ற பேச்சு உடனே வந்துவிட்டது. பிறகு ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மனும் மற்றவர்களும் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மேட்டியோ ஆகிய மூன்று ஊர்களிலும் ஊருக்கு 20 பேர் வீதம், குரல் கேட்கும் நோயாளிகளிடம் பேசி 2015-இல் வெளியிட்டது அது. அமெரிக்காவில் பலருக்கும் கேட்டது முகம் தெரியாதவர்களின் வன்முறைப் பேச்சு. சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். இதைச் செய், அதைச் செய்யாதே என்று அவர்கள் வேலை ஏவினார்கள், திட்டினார்கள். வீட்டில் யார் சொல்லைக் கேட்டு வளர்ந்தோமோ அவர் குரலை மூளை எடுத்துக்கொள்கிறது என்றே எனக்குத் தோன்றியது. பெரியம்மாவைப் பழி சொல்ல அதில் எதுவுமில்லை.

குரலைப் பற்றி அவன் பேசும்போது "அப்படி யாரும் இல்லைடா" என்று வாதாடினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "ஆமா, எனக்கும் கேக்குது" என்று ஒத்து ஊதினால் அது பொய், பயம் இரட்டிப்பாகும். இரண்டுக்கும் நடுவில் இடமிருக்கிறது. "எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா?" என்று கேட்டால் பதில் வரும். அவன் பயத்தைப் பற்றிப் பேசலாம், லைட்டைப் போட்டு வைக்கலாம், பக்கத்தில் உட்காரலாம். ஒன்றை மட்டும் நேராகவே கேட்டுவிட வேண்டும்: "செத்துப்போன்னு சொல்லுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இந்த நோயில் தற்கொலை ஆபத்து உண்மையில் இருக்கிறது. நோய் தணிந்து, தன் நிலைமை தனக்கே தெரிய வரும் காலத்திலும் அது இருக்கிறது. பதில் "ஆமா" என்றால் அன்றைக்கே மருத்துவமனை. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எங்கள் வீட்டு எல்லா போனிலும் பதிந்து வைத்திருக்கிறோம். தமிழிலேயே பேசலாம்.

மருந்தைக் காபியில் கலந்து கொடுக்கும்படி மாமா சொன்னார். அக்கறையில்தான் சொன்னார், நிறைய வீடுகளில் செய்கிறார்கள். நான் கண்டிப்பாக மறுத்தேன். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று நம்பும் ஒருவருக்கு உண்மையிலேயே கலந்து கொடுத்துவிட்டு, பிறகு எந்த முகத்தோடு "உன் பயம் நிஜமில்லை" என்று சொல்வது? மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டால் சொல்வார்.

மருந்து வேண்டாம் என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். சில மருந்துகளில் ஒரு இடத்தில் உட்காரவிடாத தவிப்பு வரும். வீட்டார் அதை நோய் முற்றிவிட்டதாக நினைத்து மாத்திரையைக் கூட்டச் சொல்வார்கள், தவிப்பு இன்னும் கூடும். கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதும் விழி மேலே செருகுவதும் சிலருக்கு வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் சீக்கிரமே சரியாகிவிடும், வேப்பிலை தேட வேண்டியதில்லை. ஒலான்சபின் சாப்பிடுபவர்களுக்கு எடையும் சர்க்கரையும் ஏறலாம். ஆரம்பத்திலேயே எடையைக் குறித்துவைத்து, சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். பெண்களுக்குச் சில மருந்துகளில் மாதவிலக்கு நின்றுபோகும். வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மற்ற மருந்துகள் பலிக்காதபோது கொடுக்கும் குளோசபினுக்குத் தொடக்க மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை உண்டு. இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் கசாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சிகரெட்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை: புகை ஒலான்சபின், குளோசபின் இரண்டின் அளவையும் ரத்தத்தில் குறைக்கிறது. பிடிக்கத் தொடங்கினாலும் திடீரென்று விட்டாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இனி அந்தச் சத்தமில்லாத பாதி. காலில் மாவுக்கட்டு போட்டவனை மாடிப்படி ஏறவில்லை என்று யாரும் திட்டுவதில்லை, கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே எதுவும் தெரியாது. ஆள் நல்ல உடம்போடு, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு படுத்திருப்பான். "குளி" என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்வதற்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று தம்பியோடு இருந்துதான் எனக்குத் தெரிந்தது. எழ வேண்டும், துண்டையும் மாற்றுத்துணியையும் எடுக்க வேண்டும், வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், சோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் படியிலேயே அவன் நின்றுவிடுவான். துண்டை எடுத்துக் கையில் கொடுத்து "தண்ணி பிடி" என்று மட்டும் சொன்னால் போய்விடுவான். அடுத்ததை அதற்கப்புறம் சொன்னால் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் நடக்காது.

தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை என்பது அவனுக்கு நன்றாக ஒத்துவந்தது. காலையில் ஆவின் பூத்துக்குப் போய்ப் பால் வாங்குவது அவன் பொறுப்பு. போகாத அன்று வீட்டில் கடுங்காபிதான். யாரும் திட்டுவதுமில்லை, அவனுக்குப் பதிலாகப் போவதுமில்லை. இந்த இரண்டாவதுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. பையன் பாவம் என்று அவர் எல்லாவற்றையும் செய்துகொடுத்தபோது, மிச்சமிருந்த கொஞ்சத் திறமையும் பழக்கமில்லாமல் துருப்பிடித்தது. பால் வாங்கப் பழகியபின் அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் போனான். சாயங்காலக் கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அவனுக்குக் கை ஓடாது. மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் பருப்பையும் சீனியையும் நிறுத்துப் பொட்டலம் போடுவது அழகாக வரும். அதைக் கண்டுபிடித்தவர் அப்பாதான். கேள்வியை நிறுத்திவிட்டுக் கவனிக்க ஆரம்பித்ததும் அவர் கண்ணுக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தது.

திட்டு ஏன் ஆகாது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, உடன்பிறந்தவர் வீட்டுக்கோ வாடகை அறைக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். பாசம் அதிகமுள்ள வீட்டில் ஏன் நோய் திரும்புகிறது என்று தேடிப்போனபோது, ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, மூச்சுவிட இடமில்லாத கவனிப்பு இந்த மூன்றும் அகப்பட்டன. பின்னால் சண்டிகரில் இதே முறையில் ஆராய்ந்தபோது, லண்டன் குடும்பங்களைவிட அங்கே இவை குறைவாக இருந்தன. நம் கூட்டுக் குடும்பத்துக்கு இது பெருமைதான். அந்தப் பெருமை தானாக நிலைக்காது, பேச்சில் கட்டுப்பாடு வேண்டும். குறை சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ஆளைச் சொல்லாமல் காரியத்தைச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

"ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிரும்" என்பதுதான் சொந்தக்காரர்கள் சொன்னதிலேயே என்னை அதிகம் கோபப்படுத்தியது. நோயுள்ளவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், செய்துகொண்டு நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்துச் செய்வது இரண்டு பேருக்கும் துரோகம். புது வீட்டில் மாத்திரையை ஒளித்துவைக்க நேர்ந்தால் முதலில் நிற்பது மாத்திரைதான். இந்துத் திருமணச் சட்டத்தின் விவாகரத்துப் பிரிவு இந்த நோயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வெறும் நோயின் பெயரை மட்டும் காட்டி விவாகரத்து வாங்க முடியாது, நோயின் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அந்த வாசல்வரை ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு "தெரியாமல் நடந்துவிட்டது" என்று எந்தக் குடும்பமும் சொல்லக் கூடாது.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் தடுக்கவில்லை. அம்மாவுக்கு அந்தத் தெம்பு தேவைப்பட்டது. மாத்திரை கூடவே வர வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. தர்காவை நம்பி நோயாளிகளைக் கொண்டுவரும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இன்று அதே ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு அரசு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே டாக்டர் வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் கேளுங்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, சிகிச்சையோடு வேலைப் பயிற்சியும் குடும்பங்களுக்கு ஆலோசனையும் தருகிறது.

நோய் திரும்பும் முன் பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. தம்பிக்கு முதலில் தூக்கம் குறையும், பிறகு ஜன்னல்கள் சாத்தப்படும், அதற்கப்புறம்தான் பெரியம்மா. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறேன். டாக்டரின் அறையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் "எப்படி இருக்கான்?" என்ற கேள்விக்கு "பரவாயில்ல" என்று சொல்வதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டுவது பயன்படுகிறது. நோட்டில் என்ன எழுதுகிறேன் என்று தம்பிக்குத் தெரியும். விரும்பினால் அவனும் எழுதுவான்.

2017 சட்டத்தில் இன்னொரு வசதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பின்னால் நோய் முற்றித் தன்னால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று நோயாளியே முன்கூட்டி எழுதிவைக்கலாம். சாட்சிகளோடு எழுதி மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிய வேண்டும். அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது என்றாலும் மற்ற நேரங்களில் மதித்தாக வேண்டிய ஆவணம். தம்பி எழுதியிருக்கிறான்: ஊசிக்குச் சம்மதம், முன்பு தன் கழுத்தை இழுத்த மருந்து மட்டும் வேண்டாம், கட்டிப்போடக் கூடாது, அக்காவிடம் கேட்க வேண்டும். ஆள் தெளிவாக இருக்கும் காலத்தில் எழுதினால்தான் இது செல்லும். அதனால் நல்லபடியாக இருக்கும்போது எதற்கு இந்தப் பேச்சு என்று தள்ளிப்போடாதீர்கள்.