அந்த எழுத்து யாருடையது?

உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர்களுக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ எழுத்துகள் நிற்கும். "தந்தையின் பெயர்தானே?" என்பீர்கள். ஓசூர்ப் பக்கத்துப் பள்ளியாயின் அவசரப்பட வேண்டாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி அது. சிப்காட் ஆலைகள் வந்தபின் வெளியூர்க் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியையே எடுத்துக்கொள்வோம். அவர் சி. ராஜகோபாலாச்சாரி. தந்தையார் பெயரோ வெங்கடார்ய ஐயங்கார். 'சி' எங்கிருந்து வந்தது? 'சக்கரவர்த்தி' என்னும் குடும்பப் பெயரிலிருந்து. அவருடைய மகன் சி. ஆர். நரசிம்மன், 1952-இல் கிருஷ்ணகிரித் தொகுதியின் மக்களவை உறுப்பினரானவர். இங்கே 'சி' குடும்பத்தின் எழுத்து. 'ஆர்' தந்தையின் எழுத்து. முன்னது தலைமுறைதோறும் தொடரும். பின்னது ஒரு தலைமுறையோடு மாறிவிடும். இரண்டையும் குழப்பினால் இல்லாத தாத்தா ஒருவர் வம்சாவளியில் முளைத்துவிடுவார்!

தெலுங்குக் குடும்பங்களில் 'இண்டி பேரு', அதாவது வீட்டுப் பெயர், உண்டு. பல வீட்டுப் பெயர்கள் பழைய ஊர்ப் பெயர்களே. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தது திருத்தணியில். சர்வபள்ளியோ நெல்லூர்ப் பக்கத்து ஊர். முன்னோர் புறப்பட்ட இடத்தைப் பெயர் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் ஓர் ஊரிலிருந்து பல குடும்பங்கள் கிளம்பியிருக்கலாம். எனவே ஒரே வீட்டுப் பெயருடையோர் அனைவரும் உறவினர் என்று முடிவுகட்டக் கூடாது.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மான் தீவு இருக்கிறது. அங்கே கிஸ்ஸாக், குவேல், கார்லெட் என்று 'க' ஒலியில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் மிகுதி. காரணம் வேடிக்கையானது. அவர்கள் பழைய மொழியில் 'மாக்' என்றால் மகன். (நம் 'மகன்' போல ஒலிப்பது தற்செயலே.) 'மாக் ஐசக்' என்பதில் 'மா' தேய்ந்தது, 'க்' மட்டும் ஒட்டிக்கொண்டு 'கிஸ்ஸாக்' ஆயிற்று. கார்லெட்டுக்குள் ஒளிந்திருப்பது 'தோர்லியோட்' என்னும் நார்வேப் பெயர். 1266 வரை அத்தீவு நார்வே மன்னரின் மேலாட்சியில் இருந்ததற்கு அதுவும் ஒரு தடயம். நம்மிடம் தலைமுறைதோறும் மாறும் தந்தை பெயர், அங்கே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது.

உங்கள் வீட்டில் தேடுங்கள். பழைய நிலப் பத்திரங்களில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று முழுமையாக எழுதியிருப்பார்கள். ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது தந்தையின் எழுத்தை மட்டும் போட்டிருந்தால், வீட்டுப் பெயர் எந்தச் சான்றிதழிலும் இராது. பாட்டியின் நினைவில்தான் இருக்கும். இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள். அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். கிஸ்ஸாக்கை யாராவது 'ஐசக்' என்று திருத்தி எழுதியிருந்தால், அந்தக் 'க்' நமக்குக் கிடைத்திருக்காது.